ஜிஆர்86, பிஆர்இசட்: வீலும் டயரும் மாற்றிய பிறகு வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

டொயோட்டா ஜிஆர்86, சுபாரு பிஆர்இசட் என்ற இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களும் பெயரில்தான் வேறு. அடிக்கட்டு ஒன்று, ஹப் (வீல் மாட்டும் சுழலும் மையப் பகுதி) ஒன்று, வீல் மாட்டும் அளவுகளும் ஒன்று. 2012-ல் வந்த முதல் தலைமுறை வண்டிகள், அமெரிக்காவில் அப்போது சயான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் விற்றது, 2021-ல் வந்த இரண்டாம் தலைமுறை, எல்லாவற்றுக்கும் கீழே உள்ளது பொருந்தும். இந்த வண்டியை வாங்கியவர்கள் முதலில் கை வைப்பது வீலில்தான். மாட்டிய சில நாளிலேயே கேள்விகள் தொடங்கிவிடும்: ஸ்டீயரிங் நடுங்குகிறது, பள்ளத்தில் இறங்கினால் கர்ரென்று உரசுகிறது, வண்டி முன்போல் துள்ளிக்கொண்டு போகவில்லை.

இதற்கெல்லாம் கடைகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இன்னொரு பாகம்: ஒரு வளையம், ஒரு ஸ்பேசர் (வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தட்டு), ஃபெண்டர் (வீலுக்கு மேலுள்ள உடல் தகடு) விளிம்பை மடித்துவிடும் வேலை. அதற்குச் சம்மதிக்கும் முன் எந்த அளவு தப்பியது என்று பாருங்கள். வீல் என்பது நாலைந்து எண்களின் தொகுப்பு. ஒவ்வோர் அறிகுறியும் அவற்றில் ஒன்றைத்தான் காட்டிக்கொடுக்கிறது.

கம்பெனி அளவுகளை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நட், 100 மி.மீ. வட்டம், அதாவது 5×100. ஹப்பின் மைய விட்டம் 56.1 மி.மீ. ஸ்டட் (நட் ஏறும், ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் திருகு) எம்12, அதாவது 12 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.25 மி.மீ. இரண்டாம் தலைமுறையில் வீல் 17×7.5 அல்லது 18×7.5 (விட்டம், அகலம், அங்குலத்தில்), இரண்டுக்கும் ஆஃப்செட் +48 மி.மீ. (விளக்கம் ‘உரசல்’ பகுதியில்). டயர் 215/45 ஆர்17 அல்லது 215/40 ஆர்18 (மி.மீ. அகலம், அதில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம், ரிம்மின் அங்குல விட்டம்). முதல் தலைமுறையில் 17×7, அதே +48. புதிய வீலின் எண்களை அதற்கு எதிரில் எழுதுங்கள். ஸ்போக்கின் பின்பக்கத்திலோ மையத் துளையைச் சுற்றியோ அவை வார்ப்பிலேயே இருக்கும். விற்றவர் சொன்ன எண்ணை எழுதாதீர்கள், வீலில் இருப்பதை எழுதுங்கள்.

நட் இறுகவில்லை, அல்லது இறுக்கிய நட் மறுபடி தளர்கிறது

இந்த அறிகுறி இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மற்ற எதுவும் இதற்கு அப்புறம்தான்.

பெயர் டொயோட்டா என்பதால் டொயோட்டா நட் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வது இந்த வண்டியில் அடிக்கடி நடக்கும் தவறு. டொயோட்டாவின் மற்ற கார்கள் பெரும்பாலும் எம்12×1.5 மரை. ஜிஆர்86-ன் ஹப்பும் ஸ்டட்டும் சுபாருவினுடையவை, அதாவது 1.25. 1.5 நட்டை 1.25 ஸ்டட்டில் வைத்தால் முதல் ஒன்றரைச் சுற்று கையாலேயே ஏறும், அப்புறம் பிடிக்கும். அந்த இடத்தில் இம்பாக்ட் கன்னை வைத்து அழுத்தினால் நட் ஏறத்தான் செய்யும், ஸ்டட்டின் மரையைச் சீவிக்கொண்டு. கழற்றிப் பார்த்தால் மரையின் பள்ளத்தில் வெள்ளியாக நூல் போன்ற துகள் சுருண்டு கிடக்கும். அதைக் கண்டால் நட்டை மட்டும் மாற்றுவது போதாது, ஸ்டட்டையும் மாற்ற வேண்டும். சரியான நட் கடைசி வரை விரலாலேயே ஏற வேண்டும். ரெஞ்சின் வேலை இறுதி இறுக்கத்துக்கு மட்டும்.

மரை சரியாக இருந்தும் தளர்ந்தால் நட் உட்காரும் இடத்தைப் பாருங்கள். கம்பெனி நட் 60 டிகிரிக் கூம்பு. சந்தையில் வரும் பெரும்பாலான வீல்களும் அதற்கே செய்யப்பட்டவை. ஆனால் பழைய ஃபோக்ஸ்வாகன் வீல்கள் பல 5×100 வட்டத்தில் வந்தவை, மலிவாகக் கிடைக்கும் என்று சிலர் கொண்டுவருகிறார்கள். அவற்றில் துளையின் அடி உருண்டையானது. கூம்பு நட் அங்கே உட்கார்ந்தால் முழு முகமும் தொடாமல் ஒரு மெல்லிய வளையக் கோட்டில்தான் தொடும். இறுகியது போலத் தோன்றும், ஓட ஓடத் தளரும். துளையின் உட்புறத்தில் ஒரே ஒரு பளபளக்கும் கோடு தெரிந்தால் அதுதான் சாட்சி.

மூன்றாவதாக ஒன்று உண்டு, நீள ஸ்டட் போட்டவர்களுக்கு. முனை மூடிய நட்டுக்குள் நீள ஸ்டட் போய் அடியில் முட்டி நின்றுவிடும். ரெஞ்ச் ‘க்ளிக்’ என்று சொல்லும், வீலோ இறுகியே இருக்காது. நீள ஸ்டட் என்றால் முனை திறந்த நட்தான்.

இறுக்கும் அளவு 120 நியூட்டன் மீட்டர், பவுண்டு-அடிக் கணக்கில் சுமார் 89. எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடிய பின் வீல் ஆறியிருக்கும்போது மறுபடி ரெஞ்ச் வையுங்கள். புது வீலில் பெயின்ட் படிந்து கொடுக்கும், அதனால் முதல் முறை கொஞ்சம் தளர்வது வழக்கம். இரண்டாம் முறையும் தளர்ந்தால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது.

வீல் ஹப்பில் முழுதாக உட்கார மறுக்கிறது

ஐந்து துளையும் நேராக வருகிறது, ஆனால் வீலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு இடுக்கு நிற்கிறது என்றால் மையத் துளை சிறியது. கொரோலா, பிரியஸ் வகையறாவின் 5×100 வீல்களில் துளை 54.1 மி.மீ. நம் ஹப் 56.1. இரண்டு மி.மீ. வித்தியாசத்தை நட்டால் இழுத்துச் சரிசெய்ய முடியாது, முயலவும் கூடாது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கலாம், மையம் பிசகாமல் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும்.

துளை சரியாக இருந்தும் இடுக்கு இருந்தால் டிஸ்க்கின் முகத்தில் துரு அல்லது கம்பெனியே போட்ட சின்னத் தகடு கிளிப் இருக்கிறதா பாருங்கள். கிளிப்பைக் கழற்றி, துருவைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் முடிந்தது.

90 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் நடுக்கம்

ஸ்டீயரிங்கில் வந்தால் முன் வீல், சீட்டுக்கு அடியில் வந்தால் பின் வீல். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் அது டிஸ்க்கின் பிரச்சினை, வீலை விட்டுவிடுங்கள்.

முன்னோ பின்னோ, எல்லோருக்கும் பாலன்ஸிங்தான் முதலில் தோன்றும். அதற்கு முன் ஒரு கேள்வி: வீலைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் நடுக்கம் கூடவோ குறையவோ செய்கிறதா? ஆம் என்றால் பாலன்ஸிங் குற்றவாளி அல்ல. பாலன்ஸ் பிழை வீலோடு இருக்கும், எத்தனை முறை கழற்றினாலும் அதே அளவில் இருக்கும். மாறிக்கொண்டே இருப்பது மையம் பிசகியதன் அடையாளம்.

சந்தை வீல்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் மையத் துளையைப் பெரிதாகவே விடுகிறார்கள், 73.1 மி.மீ. பரவலான அளவு. 56.1 ஹப்புக்கும் 73.1 துளைக்கும் நடுவே ஒரு வளையம் போட வேண்டும். அந்த வளையத்தின் வேலை வீலைத் தாங்குவது அல்ல, நட் இறுகும் வரை வீலை நடுவில் பிடித்து வைப்பது மட்டும். வண்டியின் பாரத்தை வீலுக்கும் ஹப்புக்கும் நடுவிலுள்ள உராய்வுதான் சுமக்கிறது. அதனால் பிளாஸ்டிக் வளையம் தெருவுக்குத் தாராளமாகப் போதும். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் மட்டும் அலுமினியம் வாங்குங்கள், ஏனென்றால் பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். அலுமினிய வளையத்துக்கும் ஒரு தொல்லை உண்டு: மழையும், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்தால் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பூச்சாக ஆன்டி-சீஸ் (உலோகம் ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவினால் பிரச்சினை இல்லை, ஸ்டட்டின் மரையில் மட்டும் அது படக்கூடாது.

வளையத்தை வாங்குமுன் வெர்னியர் வைத்து வீலின் துளையை அளந்துவிடுங்கள். 73.1 துளைக்கு 72.6 வளையம் போட்டால் கால் மி.மீ. பிசகும், அந்தக் கால் மி.மீ. நெடுஞ்சாலையில் கையில் தெரியும். வளையம் ஹப்பின் விளிம்பைத் தாண்டித் துருத்தினாலும் தவறு, வீல் முகம் டிஸ்க்கில் படியாது.

வளையம் சரி, நடுக்கம் நிற்கவில்லை என்றால் மாட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கிய நிலையிலேயே ஐந்து நட்டையும் விரலால் ஏற்றி, வீலை மெல்ல ஆட்டியபடி சின்ன ரெஞ்சால் எதிரெதிராக ஒட்ட வையுங்கள். வீல் தன் மையத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதற்குப் பிறகு கீழே இறக்கி முழு இறுக்கம். தரையில் இறக்கிவிட்டு இறுக்கத் தொடங்கினால் வண்டியின் எடை வீலை ஒரு பக்கம் அழுத்தி வைத்திருக்கும், பிசகு அப்படியே பூட்டிக்கொள்ளும்.

இதற்கும் மசியாவிட்டால்தான் பாலன்ஸிங். முன் வீலைப் பின்னாலும் பின் வீலை முன்னாலும் மாற்றிப் போட்டு நடுக்கம் இடம் மாறுகிறதா பாருங்கள். மாறினால் அந்த ஜோடியை மெஷினில் ஏற்றச் சொல்லி, சுற்றும்போது ரிம்மின் விளிம்பை நீங்களே கண்ணால் பாருங்கள். பழைய வீல் வாங்கியிருந்தால் உள்விளிம்பு வளைந்திருக்க நிறைய வாய்ப்புண்டு, அது வெளியிலிருந்து தெரியாது.

உரசல்

அதிகம் பேர் அவதிப்படுவது இதில்தான், அதிகப் பணம் வீணாவதும் இதில்தான். காரணம், உரசல் ஒன்று என்று நினைத்துக்கொள்வது. அது மூன்று இடத்தில் மூன்று காரணத்தால் வரும்.

முதலில் கணக்கு. ஆஃப்செட் என்பது வீலின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு. எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். அகலம் கூடும்போது பாதி உள்ளே, பாதி வெளியே கூடும். 17×7.5 +48 இருந்த இடத்தில் 17×9 +45 போடுகிறீர்கள் என்று வையுங்கள். அகலம் ஒன்றரை அங்குலம், 38 மி.மீ. கூடுகிறது. பாதி 19. ஆஃப்செட் 3 குறைகிறது. ஆக வெளிப்பக்கம் 22 மி.மீ. தள்ளி வரும், உள்பக்கம் 16 மி.மீ. நெருங்கும். இதே கணக்கில் 18×9.5 +38 வெளியே 35, உள்ளே 15. 17×8 +45 வெளியே 9, உள்ளே 3 மட்டுமே. வாங்குமுன் இந்த இரண்டு எண்ணையும் போட்டுப் பார்த்தவருக்கு உரசல் வராது, அல்லது எங்கே வரும் என்று முன்பே தெரியும்.

இப்போது இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காது இதில் நம்பத்தக்கதல்ல. சாக்பீஸை டயரின் தோள் (தரையில் படும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் ஓரம்) முழுக்கவும் பக்கவாட்டிலும் தடவிவிட்டு, உரசல் வரும் அதே பாதையில் ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். எந்த வளையத்தில் சாக் அழிந்திருக்கிறதோ அங்கே தொடுகிறது. அதற்கு நேரே ஃபெண்டருக்குள் டார்ச் அடித்தால் வெள்ளைத் தடமும், பிளாஸ்டிக் லைனரில் பழுப்பாகத் தேய்ந்து வழவழப்பான ஒரு பட்டையும் தெரியும்.

டயரின் உள்பக்கம் அழிந்திருந்தால் அது ஷாக் அப்சார்பரில், அல்லது ஸ்பிரிங் உட்காரும் தட்டில் படுகிறது. இந்த வண்டியின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரே தூண். வீலும் ஸ்ட்ரட்டும் ஒன்றாகவே மேலும் கீழும் போகும், ஒன்றாகவே திரும்பும். அதனால் அங்கே 4 மி.மீ. இடைவெளி இருந்தாலே போதும், நின்றபடி தொடாதது ஓடும்போதும் அநேகமாகத் தொடாது. தொட்டால் 3 அல்லது 5 மி.மீ. ஸ்பேசர் உண்மையிலேயே பொருத்தமான மருந்து. ஒரு நிபந்தனை: நட் ஸ்டட்டில் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்கு, 12 மி.மீ. ஆழம், ஏறியிருக்க வேண்டும். 1.25 மரையில் அது ஏறக்குறைய பத்துச் சுற்று. எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நீள ஸ்டட் போடாமல் ஸ்பேசர் வேண்டாம். தடித்த ஸ்பேசர் ஹப்பின் மைய விளிம்பையே மூடிவிடும் என்பதையும் பாருங்கள், அப்போது நடுக்கம் புதிதாகச் சேர்ந்துகொள்ளும்.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் உரசினால் முன் லைனரின் முன்னோரத்திலோ பின்னோரத்திலோ படுகிறது. இதில் அகலத்தைவிட டயரின் மொத்த உயரம்தான் பெரும்பாலும் காரணம். பிளாஸ்டிக்கை ஹீட் கன்னால் இளக்கிப் பின்னுக்குத் தள்ளினால் தீர்ந்துவிடும். பார்க்கிங்கில் மட்டும் வருகிற உரசலுக்கு இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

பள்ளத்திலும் வளைவிலும் டயரின் வெளித்தோள் உரசினால் அது ஃபெண்டர் விளிம்பு. பின்பக்கத்தில், பம்பரும் ஃபெண்டரும் சேரும் மூலையில் உள்ள மடிப்புத்தான் முதலில் வெட்டும். ஆபத்தான உரசல் இது. தகட்டின் முனை டயரில் கோடு கீறிக்கொண்டே இருக்கும், கீறல் ஆழமானால் டயர் ஒருநாள் நெடுஞ்சாலையில் பிளந்துகொள்ளும். ஸ்ட்ரட் பக்கம் போல இங்கே நின்றபடி அளப்பதில் பயனில்லை. சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம் முழுவதும் இடைவெளி மாறும். ஒரு பக்கப் பின் வீலை உயரமான ராம்ப்பில் ஏற்றி, இரண்டு பேரை டிக்கியில் உட்கார வைத்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து இந்த வரிசையில்: முதலில் டயரின் அகலத்தை ஒரு படி குறைப்பது, அடுத்து நெகட்டிவ் கேம்பர் (வீலின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்) கொஞ்சம் கூட்டுவது, கடைசியாக விளிம்பை மடிப்பது. கடைகள் இதைத் தலைகீழாகச் சொல்கின்றன. மடித்த விளிம்பில் பெயின்ட் நுண்ணியதாக வெடித்தால் துரு உள்ளிருந்தே வளரும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். தாழ்த்திய ஸ்பிரிங் போட்டிருந்தால் உரசலின் உண்மையான காரணம் அதுவாகவே இருக்கலாம்.

இன்னொன்று. டயரில் எழுதிய 245 என்பது எல்லாக் கம்பெனியிலும் ஒரே 245 அல்ல. டிராக் டயர்களின் தோள் சதுரமானது, அதே எண்ணில் தெரு டயரைவிட அகலமாக நிற்கும். ரிம் அரை அங்குலம் அகன்றால் அதே டயர் சுமார் 5 மி.மீ. விரியும். தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலில் எந்த ரிம்மில் அளந்தது என்பதோடு அகலம் கொடுத்திருப்பார்கள், வாங்குமுன் அதைப் பாருங்கள்.

பிரேக் காலிப்பரில் படுகிறது

சாதாரண பிரேக் உள்ள வண்டியில் பல 16 அங்குல வீல்கூட ஏறும். பெரிய காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) கொண்ட பிரெம்போ பிரேக் உள்ளதில் 16 ஏறாது, 17-லும் எல்லா டிசைனும் ஏறாது. வீலின் விட்டம் போதுமா என்று மட்டும் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். ஸ்போக்கின் முதுகு உள்ளே குழிந்திருக்கிறதா, தட்டையாக வருகிறதா என்பதே இங்கே பேச்சு. நல்ல தயாரிப்பாளர்கள் காலிப்பரின் வரைபடத்தை உண்மை அளவில் கொடுக்கிறார்கள். அட்டையில் ஒட்டி வெட்டி வீலுக்குள் வைத்துப் பார்த்தால் டயர் போடும் முன்பே தெரிந்துவிடும். டயர் போட்ட வீலைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.

வண்டி மந்தமாகிவிட்டது, ஸ்டீயரிங் செத்துப்போனது போல் இருக்கிறது

எந்தப் பாகமும் கெடவில்லை, ஆனால் வண்டி வேறாகிவிட்டது. இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இந்த வண்டியின் உயிரே இதில் இருக்கிறது.

2012-ல் இது வந்தபோது போட்டிருந்தது மிஷலின் பிரைமசி ஹெச்பி, பிரியஸிலும் போட்ட டயர். பலர் அதைச் சிக்கனம் என்று நினைத்தார்கள். பிடிப்புக் குறைவான டயரில் சாதாரண வேகத்திலேயே பின்பக்கம் மெல்ல நழுவும், ஓட்டுபவர் அதைக் கையாளப் பழகலாம் என்பதே நோக்கம். சுமார் 1,280 கிலோ எடை, முதல் தலைமுறையில் 200 குதிரைத்திறன், இரண்டாவதில் 228. இந்தச் சக்திக்கு 265 அகல டயரும் 19 அங்குல வீலும் மாட்டினால் வண்டி எதற்கும் நழுவாது, எதற்கும் முந்தவும் முந்தாது. பிடி அதிகம், ஓட்டும் இன்பம் குறைவு.

எடையைப் பாருங்கள். பழைய வீலையும் புதியதையும் டயரோடு வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம், நீங்கள் ஏறி நின்று, வீலைத் தூக்கிக்கொண்டு நின்று, வித்தியாசம் எடுத்தால் போதும். ஒரு மூலைக்கு இரண்டு கிலோ கூடியிருந்தாலே கையில் தெரியும். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது, கூடவே சுழலவும் செய்கிறது, அதிலும் பெரும்பகுதி வெளிவட்டத்தில். மலிவு விலை 18, 19 அங்குல வார்ப்பு வீல்கள் இந்த வண்டிக்குச் செய்யும் கெடுதல் இதுதான். என்கெய் ஆர்பிஎஃப்1 17×8 அளவில் ஏழு கிலோவை ஒட்டி வரும். ரேஸ் (Rays) கம்பெனியின் டிஇ37 ஃபோர்ஜ் செய்தது, அதாவது வார்க்காமல் அழுத்தி உருவாக்கியது, 1996-லிருந்து இருக்கிறது, விலை அதிகம். நடுவில் ஃப்ளோ ஃபார்மிங் முறையில் (வார்த்த பிறகு ரிம்மைச் சுழற்றி அழுத்தி நீட்டுவது) செய்தவை நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகள் இருக்கிறதா பாருங்கள். முதலாவது ஜப்பானின் அலாய் வீல் தரநிலை, இரண்டாவது அதைச் சோதித்துப் பதிவுசெய்ததன் அடையாளம். புகழ்பெற்ற டிசைனைப் பார்த்துச் செய்த போலிகளில் முத்திரை இல்லாமலும் வரும், பொய்யாகப் பொறித்தும் வரும். அதனால் நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குவதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

நான் யாருக்கும் முதலில் சொல்வது 17×8, ஆஃப்செட் 45-ஐ ஒட்டி, நான்கும் ஒரே அளவு, 225/45 ஆர்17 நல்ல கோடை டயர். எதையும் மடிக்க வேண்டாம், ஸ்பேசர் வேண்டாம். டிராக்குக்கு அடிக்கடி போகிறவர் 17×9-ல் 245/40 ஆர்17 போடலாம், அப்போது கேம்பரும் கூட்டித்தான் ஆக வேண்டும். பின்னால் மட்டும் அகலம் கூட்டுவது பார்க்க அழகு. ஆனால் முன்பக்கம் சறுக்கும் வண்டியாக அது மாறிவிடும், டயரை முன்பின் மாற்றிப்போட்டு ஆயுளை நீட்டவும் வழியில்லை.

அகலமான ரிம்மில் ஒல்லியான டயரை இழுத்து மாட்டுவதை நான் எந்த வண்டிக்கும் பரிந்துரைக்கமாட்டேன். 215/45 ஆர்17-க்கு ஏற்ற ரிம் 7 முதல் 8 அங்குலம். அதை 9-ல் மாட்டினால் பக்கச்சுவர் சாய்ந்து நிற்கும், ரிம்மின் விளிம்பு பள்ளத்தில் நேரடியாக அடிவாங்கும், காற்றுக் குறைந்த நேரத்தில் டயர் ரிம்மைவிட்டு இறங்கவும் கூடும்.

சாலையின் தடத்தோடு இழுக்கிறது, ஓரம் மட்டும் தேய்கிறது

லாரி ஓடித் தேய்ந்த பள்ளக்கோட்டில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பினால் அகல டயரின் குணம் அது, முழுதாகப் போகாது. ஆஃப்செட்டைக் கணிசமாகக் குறைத்திருந்தால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் டயர் தரையைத் தொடும் மையம் ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து வெளியே போய்விடுகிறது. ஒரு பக்கம் ஈரத்தில் பிரேக் பிடித்தால் கை பறிபோவது போல இழுக்கும்.

தட்டையான சாலையிலும் ஒரே பக்கம் இழுத்தால் அலைன்மென்ட். வீல் மாற்றியதால் மட்டும் அலைன்மென்ட் கெடாது. ஆனால் கூடவே தாழ்த்தியிருந்தால் கெட்டிருக்கும். உள்ளோரம் தேய்வதைக் கண்டதும் கேம்பரைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். முன்பக்கம் சுழியத்தை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்ட அறிக்கையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பீடோமீட்டர் தப்பு, டேஷ்போர்டில் விளக்குகள்

215/45 ஆர்17-ன் மொத்த உயரம் 625 மி.மீ. 225/45 ஆர்17 என்றால் 634, ஒன்றரை சதவீதம் கூட இல்லை. 245/40 ஆர்17 என்றால் 628, ஏறக்குறைய அதேதான். 245/40 ஆர்18 போட்டால் 653 ஆகிவிடும். மீட்டர் குறைத்துக் காட்டும், கியர் நீண்டுவிடும், உரசலும் வரும். இரண்டு சதவீதத்துக்குள் நிற்பது நல்லது.

ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி விளக்குகள் எரிந்தால் நான்கு வீலின் உயரமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பின் அச்சில் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் பாதி தேய்ந்தது என்று போடாதீர்கள், உள்ளேயிருக்கும் டார்சன் டிஃபரன்ஷியல் (இரண்டு பின் வீலுக்கும் சக்தியைப் பங்கிடும் கியர் பெட்டி) நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேலை செய்யும்.

காற்றழுத்த விளக்கு மட்டும் எரிந்தால் புது வீலில் சென்சார் இல்லை, அல்லது இருக்கும் சென்சாரின் அடையாள எண் வண்டியின் கணினியில் பதியப்படவில்லை. சென்சார் வாங்கும்போது வண்டி எந்த நாட்டுக்காகச் செய்தது என்பதைச் சொல்லுங்கள், அலைவரிசை வேறுபடும். ஒவ்வொரு சென்சாரின் மேலும் அச்சிட்ட எண்ணை டயர் மாட்டுமுன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் கையில் இல்லாவிட்டால், மாட்டிய பிறகு அதைப் பார்க்க டயரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.